அக்கா அணிந்த மாலை

புங்குடுதீவு இறுப்பிட்டியில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்த அக்கா, தங்கையாகிய எனக்கு இன்னொரு தாய். தென்னிலங்கையில் கடை வைத்திருந்த அத்தானைக் கைப்பிடித்தார். கலவரத்தில் கடை எரிந்தது. அந்தக் கவலையிலேயே அத்தானும் போய்ச் சேர்ந்தார். அக்கா வெள்ளைச் சேலையோடு நின்று, ஒரே மகளைப் படிப்பித்துக் கரைசேர்த்தார்.

“இவ்வளவும் காணும். மிச்சத்தை எழுதாதையும், நாலு பேர் பாக்கிற நினைவுப் புத்தகம்” என்று சொந்தத்தில் சிலர் சொன்னார்கள். எழுதாமல் விடமாட்டேன். எங்கள் அக்கா ஹூலா ஆடினார்.

கனடாவில் மகளோடு இருந்த காலத்தில், பக்கத்து வீட்டு ஹவாய்த் தீவுப் பெண்மணியிடம் அதைக் கற்றார். இடுப்பாட்டம் என்றுதானே நினைக்கிறீர்கள்? எழுத்து இல்லாத காலத்தில் அந்தத் தீவார் தங்கள் வம்சத்தையும் தெய்வங்களையும் கடற்பயணங்களையும் பாட்டிலும் கையசைவிலும் காத்துவந்த கலை அது. வெளியிலிருந்து வந்த பாதிரிமார் பாவம் என்றார்கள். பொது இடத்தில் ஆடத் தடையும் வந்தது. சனம் மறைவில் ஆடியது. பின்னர் அவர்களுடைய அரசர் ஒருவரே அதை மீண்டும் சபையேற்றினார்.

“நானும் தீவாள்தானே, கடலைக் கையாலை காட்ட எனக்கு ஆர் சொல்லித்தர வேணும்?” என்பார் அக்கா. ஆனால் ஆசிரியை அந்தக் கையை மாதக்கணக்காகத் திருத்தினாராம்!

முதல் வகுப்பில் ஆசிரியை கழுத்தில் மாலை போட, அக்கா பதறிக் கழற்றிவிட்டார். போட்டவர் முன்னாலேயே கழற்றுவது அந்தத் தீவாரிடம் பெரிய அவமரியாதை. புருஷன் இல்லாதவர்கள் எங்கள் ஊரில் பூ அணிவதில்லை என்று அக்கா விளக்கினார்.

“‘அப்ப உமக்கு ஆர், எப்ப மாலை போடுவினம்?’ எண்டு கேட்டாவடி” என்று எனக்குச் சொன்னார். அந்த மாலையைத் திரும்ப வாங்கித் தாமே போட்டுக்கொண்டாராம்.

ஊர் திரும்பிய பின், வாசிகசாலை விழாவில் ஆடுவதாகச் சொன்னார். நிர்வாகப் பெரியவர் ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“ஆடுறதெண்டால் ஆடும் தங்கச்சி. பூ மட்டும் வேண்டாம். சனம் கதைக்கும்.”

“ஊர்வாயை மூட உலைமூடியே இருக்கு அண்ணை? மாலை இல்லாமல் நான் ஆடமாட்டன்.”

முற்றத்து நித்தியகல்யாணிப் பூவில் தம் கையாலேயே மாலை கட்டி, அணிந்துகொண்டு மேடையேறினார். முன்வரிசையில் சிலர் எழுந்து போனார்கள். போகட்டும்! அக்கா பாட்டு முடியும்வரை ஆடினார். எனக்குப் பெருமையில் கண்ணீர் வந்தது. அன்று எடுத்த படமே இம்மலரின் அட்டையில் இருக்கிறது. இதை மாற்றச் சொல்லியும் தூது வந்தது.

ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில், பேச ஏலாமல் கிடந்த கடைசி நாட்களிலும் அக்காவின் விரல்கள் போர்வைக்கு மேலே கடலைக் காட்டிக்கொண்டிருந்தன.

நோயில் பராமரித்தவர்களுக்கும், பாடை சுமந்தவர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த அயலவர்க்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாலையோடு வந்த அனைவருக்கும், அன்று எழுந்து போனவர்களுக்கும் சேர்த்தே, நன்றி. உங்கள் மாலைகளைப் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறோம். கழுத்தில் போடவில்லை. அங்கே அக்கா தாமே கட்டிப் போட்ட மாலை இருக்கிறது.

தங்கை