மகள் வாங்கிய வீடு

பாதுகாப்புத் துறையில் வேலை பார்க்கும் என் கணவருக்கு வடக்கே மாற்றல் வந்தபின், நானும் ஆறாம் வகுப்பு படிக்கும் மகளும் மட்டும் அரவேணுவில் இருக்கிறோம். ஞாயிறு மாலைகளில் அப்பாவும் மகளும் செல்போனில் ஒரு விளையாட்டில் சந்தித்துக்கொள்வார்கள்.

போன மாதம் மருந்துக்கடையில் என் கார்டைக் கொடுத்தபோது, கணக்கில் பணம் இல்லை என்று வந்தது. யாரோ திருடிவிட்டார்கள் என்று பதறி, கோத்தகிரிக்கு பஸ் ஏறி வங்கிக்கு ஓடினேன்.

அங்கிருந்த பெண் ஊழியர் பார்த்துவிட்டு, "ஏனுங்க, எல்லாமே உங்க போன்ல இருந்துதான் போயிருக்குதுங்க. ஏதோ கேமுக்குங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கோபத்தோடு மகளைக் கேட்டேன். வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்திகளையும் அவளே அழித்திருந்தாள்.

"கேம்ல அப்பா ஊட்டுக்குப் பக்கத்து ஊடு விலைக்கு வந்துச்சும்மா. வேற யாராச்சும் வாங்கிட்டா நான் எப்புடி அப்பா பக்கத்துல இருக்கறது?" என்று அழுதாள்.

அதற்குமேல் எனக்குத் திட்ட வரவில்லை.

மறுநாளே விளையாட்டில் பதிந்திருந்த என் கார்டை நீக்கினேன். வங்கிச் செயலியில் அவளுக்கென்று ஒரு விர்ச்சுவல் கார்டு உருவாக்கினேன். கையில் அட்டை கிடையாது, எண் மட்டும்தான். மாதாமாதம் நான் போடும் சிறு தொகைக்கு மேல் அதில் செலவு செய்ய முடியாது. எதையும் வாங்கும் முன் அவளும் என்னைக் கேட்கிறாள்.

இப்போது ஞாயிறுகளில் நானும் அவர்களோடு விளையாடுகிறேன். மூவரும் என்னென்னவோ பேசுகிறோம். லீவு எப்போது கிடைக்கும் என்று மட்டும் நாங்கள் இருவரும் கேட்பதில்லை. கேட்டால் அவர் சீக்கிரமே போனை வைத்துவிடுகிறார்.

- ஒரு வாசகி, அரவேணு