விஜயதசமி காலையில் எழாத சர்வர்கள்

எனக்குப் பொறுமை கிடையாது. டீ ஆறும்வரை காத்திருக்காமல் நாக்கைச் சுட்டுக்கொள்கிற ரகம். எனக்கு வாய்த்ததோ, புதுச்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பட்டனை அழுத்திவிட்டுத் திரையைப் பார்த்து நகத்தைக் கடிப்பதுதான் அதில் பாதி.

எங்களிடம் இரண்டு சர்வர்கள் உண்டு. நோயாளிகளின் ஸ்கேன் படங்கள் இருக்கும் ஸ்டோரேஜ் இரண்டுக்கும் பொது. ஒன்று விழுந்தால் இன்னொன்று அந்த வேலையை ஏந்திக்கொள்ளும். இரண்டையும் இணைக்கும் ஒரு குட்டைக் கேபிள் வழியாக ஓயாமல் ஒன்றையொன்று நலம் விசாரித்துக்கொண்டே இருக்கும். பதில் வராவிட்டால், எதிராளி மண்டையைப் போட்டுவிட்டது என்று முடிவுகட்டும். ஆனால் அது அரைகுறை உயிரோடு இருந்து ஸ்டோரேஜில் கண்டபடி எழுதிவிட்டால் எல்லாம் பாழ். அதனால் முதல் காரியமாக அதன் பவரை வெட்டிவிட்டுத்தான் தன் வேலையைத் தொடங்கும்.

வருடத்தில் ஒரு நாள்தான் இரண்டையும் சேர்த்து அணைப்போம். அது ஆயுத பூஜை. எங்கள் வீட்டில் அந்தப் பூஜை கிடையாது, நாங்கள் முஸ்லிம்கள். ஆனால் சர்வர் ரூமைத் துடைக்கிற கூட்டத்தில் நானும் உண்டு, பொரியிலும் சுண்டலிலும் என் பங்கை விட்டதில்லை. துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சர்வர்களை அடுக்கியிருக்கும் ரேக்குக்கு மாலை போடுவார்கள். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை கற்பூரம் காட்டாமல் எடுக்கக்கூடாது என்பார் எங்கள் நிர்வாகி அம்மா. ஸ்டெதாஸ்கோப்புக்கு அந்தச் சட்டம் செல்லாது, சர்வருக்குச் செல்லும். ஓ.பி. இல்லாத நாள்தானே என்று நானும் தலையாட்டிவிடுவேன். கற்பூரத் தட்டு சர்வர் ரூமுக்குள் வரக்கூடாது என்று சண்டை போட்டு ஜெயித்தது மட்டும் என் சாதனை.

அந்த விஜயதசமி காலை, நல்ல நேரத்தில் நிர்வாகி அம்மா ஒரு பட்டனையும் பெரிய டாக்டர் இன்னொன்றையும் அழுத்தினார்கள். எல்லோரும் கைதட்டிவிட்டுக் கலைந்தார்கள். முதல் சர்வர் எழுந்து, கூட்டாளியைக் கூப்பிட்டுப் பார்த்து, பதில் வராமல் அதன் பவரை வெட்டியது. வெட்டப்பட்டது தானாக மறுபடி எழுந்தது. எழுந்ததும் அதுவும் கூப்பிட்டுப் பார்த்து, பதில் வராமல் முதலாவதன் பவரை வெட்டியது. ஸ்கேன் படங்களைக் காட்டுகிற புரோகிராம் கண் திறப்பதற்குள் ஒவ்வொரு முறையும் ஒன்று மற்றதைச் சாய்த்துக்கொண்டே இருந்தது. குழாயடிச் சண்டை தோற்றது. ரேக்கின் பின்னால் போய் அந்தக் குட்டைக் கேபிளைப் பார்த்தேன். இரண்டு முனையிலும் பச்சை விளக்கு எரிந்தது. கேபிளில் கோளாறில்லை என்று திரும்பி வந்து, மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன்.

அப்போதுதான் கண்ணாடிக் கதவைத் தட்டினார் அவர். வைத்திக்குப்பத்து மீனவர், ஐம்பதைத் தொடும் வயது, பூஜைக்கு எடுத்த புதுச்சட்டை. ஸ்கேன் கவுண்டரில் சர்வர் ஓடவில்லை என்று சொல்லி மாடிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவர் மனைவிக்கு வயிற்றில் கட்டி. போன வாரம் எடுத்த ஸ்கேனை, வாரம் ஒருமுறை வரும் புற்றுநோய் டாக்டர் பார்த்தால்தான் ஆபரேஷனுக்குத் தேதி. டாக்டர் நாள் கிழமை பார்க்காமல் வந்து உட்கார்ந்திருந்தார். மதியம் கடலூருக்குக் கிளம்பிவிடுவார். தவளக்குப்பம் தாண்டிவிட்டால் அடுத்த வாரம்தான். நாங்கள் ஃபிலிம் போடுவதையும் நிறுத்திவிட்டோம். படம் இருந்தது என் சர்வர்களுக்குள் மட்டும்.

"ஒண்ணு போனா இன்னொண்ணு ஓடணும்னுதான மேடம் ரெண்டு வச்சிருக்கீங்க?" என்றார்.

எரிச்சலாக வந்தது. நியாயமான கேள்வி என்பதால் இன்னும் எரிச்சல். கொஞ்சம் தள்ளி நாற்காலியில் இருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவளாண்ட கல்லுன்னுதான் சொல்லி வச்சிருக்கேன். நீங்க யாரும் வாய வுட்டுடாதீங்க."

சர்வர் விற்ற கம்பெனிக்குப் போன் போட்டேன். என்ஜினீயர் லீவில் போயிருக்கிறார், நாளை வருவார், அதுவரை எதையும் தொடாதீர்கள் என்றார்கள். நாளை டாக்டர் இங்கே இருக்கமாட்டார் என்று கத்திவிட்டு வைத்தேன்.

இரண்டில் ஒன்றை ஒதுக்கிவிட்டால் மற்றது நிம்மதியாக எழும் என்று நினைத்து, இரண்டாவதன் பவர் வயர்களைப் பிடுங்கினேன். முதலாவது எழுந்தது, ஆனால் அசைய மறுத்தது. அதன் கணக்கில் எதிராளியைத் தானே அணைத்திருக்க வேண்டும். வயரில்லாத சர்வர் அந்தக் கட்டளைக்குப் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாதது செத்ததாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லையே. அதற்கு ஒரே வழி, மற்றது நிச்சயமாகச் செத்துவிட்டது என்று ஒரு மனிதர் தட்டச்சு செய்து உறுதி கொடுப்பது. அந்த உறுதி பொய்யானால் மொத்த ஊர்க்காரர்களின் ஸ்கேனும் சிதையலாம் என்று திரையிலேயே எச்சரிக்கை வந்தது.

இரண்டாவது சர்வர்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஃபேன் ஓடவில்லை. சந்தனம் காய்ந்து உதிர்ந்தது. பிடுங்கிய வயர்களை ஒரு கையில் பிடித்துக்கொண்டே, மறுகையால் ஆமாம் என்று அடித்தேன்.

படங்கள் வந்தன. நான் கீழே ஓடினேன், அவர் எனக்கு முன்னால் ஓடினார், அவர் மனைவி மெல்லப் படியிறங்கி வந்தாள். டாக்டர் பையை மூடியிருந்தார், திறந்து மறுபடி உட்கார்ந்தார். கணவரை மட்டும் உள்ளே அழைத்துப் பேசினார். கட்டி பரவவில்லை, எடுத்துவிடலாம் என்று தேதியும் கொடுத்தார். வெளியே வந்தவர் மனைவியிடம், கல்லுதானாம், எடுத்துடலாமாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்லிவிட்டு டீ வாங்கப் போனார்.

அந்த அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "எனக்குத் தெரியும்மா, கல்லு இல்லன்னு. ஸ்கேன் எடுக்கச்சொல்லவே நர்ஸுங்க பேசுனது காதுல வுழுந்துச்சு. எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிய வேணாம். ஒடஞ்சிடுவாரு."

காலையிலிருந்து என் சர்வர்களிடம் இதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். இனி என்னால் முடியாது. அவர் இரண்டு கப்போடு வந்து நின்றதும் என் வாய் முந்திக்கொண்டது.

"அக்காவுக்கு எல்லாம் தெரியும்ணே. நீங்க ரெண்டு பேரும் பேசிக்குங்க."

சொல்லிவிட்டு அங்கே நிற்கத் தைரியமில்லாமல் மாடிக்கு ஓடினேன். கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. டார்ச் எடுத்து ரேக்கின் பின்னால் புகுந்து, அந்தக் குட்டைக் கேபிளை விரலால் தடவிக்கொண்டே போனேன். ஒரு முனை பக்கத்துத் துளையில் இருந்தது. மாலை கட்டியவர் கழற்றித் துடைத்துவிட்டுப் பக்தியோடு இடம் மாற்றிச் செருகியிருக்கிறார். அந்தத் துளைக்கும் மின்சாரம் உண்டு, அதனால் விளக்கு எரியும். பேச்சு மட்டும் போகாது. பச்சையைப் பார்த்ததும் திரும்பிய என்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே சரியான துளைக்கு மாற்றி, இரண்டாவது சர்வருக்கு உயிர் கொடுத்தேன்.

அது எழும்வரை உட்கார முடியவில்லை. மறுபடி கீழே இறங்கினேன். ஏச்சு வாங்கத் தயாராகத்தான் போனேன். இருவரும் என்னைக் கவனிக்கவில்லை. அவர் புதுச்சட்டையின் கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தொடாத டீயில் ஆடை கட்டியிருந்தது.

"அழுவாத," என்றாள் அவள். "எடுக்கறது என்னிக்கின்னு சொல்லு."

"வியாழக்கிழமை," என்றார் அவர்.