சுத்த சைவ நாய்

செஞ்சியில் கடலைமண்டி வைத்திருந்த குடும்பத்தில் என் அக்காவைக் கொடுத்திருந்தோம். எங்களைப் போலவே சமணக் குடும்பம். தண்ணீரைக்கூடத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார்கள். பொழுது சாய்ந்தால் ஒரு பருக்கை வாயில் படாது. அந்த ஒழுக்கத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. அக்காவின் மாமியார் மேல்தான் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில் அக்காவுக்கு மேல்வயிற்றில் வலி வந்தது. முதுகு வரை இழுக்கும். கண் மஞ்சளானது, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். கையில் தட்டுப்படுகிற அளவுக்குக் கட்டி திரண்ட பிறகுதான் மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். வயிற்றைத் திறந்தால் கணையத்தில் ஒரு நீர்ப்பை, அதற்குள் ஜவ்வரிசி மாதிரி குட்டிப் பைகள். அது பித்தக்குழாயை நெரித்ததால்தான் மஞ்சள். உள்ளேயே உடைந்திருந்தால் ஆளே இல்லை என்றார்கள். எடுத்த பிறகும் தையலோரம் கணைய நீர் கசிந்து தோலை அரித்தது. நான்தான் கூட இருந்து துணி மாற்றினேன்.

மாமியார் பார்க்க வந்த அன்று, சின்ன டாக்டர் ஒருவர், "ஆட்டு ஈரல்ல இருக்கிற பூச்சிம்மா இது" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மீதியையும் சொன்னால் முத்து உதிர்ந்துவிடுமோ?

மாமியாரின் முகம் கறுத்தது. "எங்க போயி தின்னே?" என்று கேட்டார். வயிற்றில் ரப்பர் குழாயோடு கிடந்தவளைப் பார்த்து!

நான் ஓடிப்போய்ப் பெரிய டாக்டரைக் கையோடு கூட்டி வந்தேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "கறி தின்னு இது வராதும்மா. பூச்சி பிடிச்ச ஆட்டு ஈரல வீசுவாங்க, நாய் தின்னும். நாய் வயித்துல புழு வளரும். அதோட முட்டை நாய் மயிர்ல ஒட்டியிருக்கும். தடவுற கையோட நம்ம வாய்க்குப் போயிரும். வீட்டுல நாய் இருக்கா?"

இருந்தது. முதல் பிடி வாயில்லா ஜீவனுக்கு என்பது மாமியார் போட்ட சட்டம். தினமும் அதற்குத் தயிர்சோறு வைத்துத் தடவிக்கொடுத்தது அக்கா.

மாமியார் சிரித்தார். "எங்க வூட்டு நாய் தயிர்சோறு தவிர இன்னாத்தத் தொடும்? அது சுத்த சைவம்."

காலையில் அது கறிக்கடை வாசலில் நிற்பது தெருவுக்கே தெரியும். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

காயம் ஆறியதும் அக்காவைச் செஞ்சிக்கு அழைத்துப் போனேன். மாமியார் வாசற்படியிலேயே மறித்தார். "கறி தின்னலன்னு கோயில்ல வந்து சத்தியம் பண்ணு. அப்பறம் உள்ள வா." அக்கா புருஷன் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார். நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது கடைத்தெருப் பக்கமிருந்து நாய் வந்தது. வாயை நக்கிக்கொண்டே எங்களைத் தாண்டி உள்ளே போய் நடையில் படுத்தது. அதனிடம் யாரும் சத்தியம் கேட்கவில்லை.

அக்கா அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அத்தே, இனிமே அதுக்கு நீங்களே சோறு வைங்க. வச்சுட்டு கைய நல்லா கழுவுங்க."

என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.