விரத நாளுக்கு ஒரு வரி

ஆவடியில் ஒரு சின்ன மிஷன் கிளினிக். நோயாளிகள் கையில் கொடுத்தனுப்பும் துண்டுத்தாள்களை எழுதுவது அங்கே அருள்செல்வியின் வேலை. அந்த விஷயத்தில் அவள் ராட்சசி. டாக்டர் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். எந்த வருஷம் எழுதியது என்று அடியில் இருக்க வேண்டும். முக்கியமாக, அச்சுக்குப் போகுமுன் யாராவது கேட்டுவிட்டுத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்ல வராவிட்டால் தப்பு எழுதியவள் மேல்தான் என்பாள்.

அந்த யாராவது எப்போதும் பக்கத்துப் போர்ஷன் லோகநாயகிதான். பூந்தமல்லிக்காரி, புருஷன் கஜபதிக்கு டாங்கித் தொழிற்சாலையில் வேலை. கல்யாணம் ஆகாத அருள்செல்விக்குச் சாயங்காலத்தில் பேச இருந்த ஒரே ஜீவன். அரிசி களைந்துகொண்டே கேட்பாள், வரிக்கு வரி மடக்குவாள்.

"இன்னாடி அருளு, தண்ணிய கொதிக்க வைன்றியே, எம்மா நேரம்? அத்த சொல்லவே இல்லியே."

அவளிடம் திட்டு வாங்கிய தாள்தான் நல்ல தாள்.

தொண்ணூற்றிரண்டில் சர்க்கரை மாத்திரைக்கு ஒரு தாள் எழுதினாள். அதே மாதம் லோகநாயகிக்கும் சர்க்கரை என்று தெரிந்தது. அழுதுகொண்டிருந்தவளிடம் போய் அதை வாசிக்க அருள்செல்விக்கு மனசு வரவில்லை. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவானேன்? கிளினிக்கில் உட்கார்ந்திருந்த இரண்டு ஆண்களிடம் வாசித்தாள். கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தார்கள். தாள் அச்சானது. லோகநாயகி கையிலும் ஒன்று வந்து சேர்ந்தது.

'காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு மாத்திரை. ஒருநாளும் தவறக் கூடாது.' டாக்டர் பார்த்துச் சரியென்ற வரிகள்.

புரட்டாசி சனிக்கிழமை வந்தது. லோகநாயகிக்குப் பெருமாள் விரதம். படையல் முடியும்வரை பச்சைத் தண்ணீர்தான். மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டாள். அருளு எழுதினதாச்சே. மத்தியானம் சர்க்கரை ரொம்ப இறங்கி, அடிபம்பு பக்கத்தில் வேர்த்துக் கொட்டி விழுந்தாள். நல்லவேளை, கஜபதி வீட்டில் இருந்தார். கிளினிக்குக்குத் தூக்கிப் போய் குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள்.

அவளிடம் வாசித்திருந்தால், "விரதத்தன்னிக்கு இன்னா பண்றது?" என்று முதலிலேயே மடக்கியிருப்பாள். அந்த நினைப்பு அருள்செல்வியை அரித்துத் தின்றது. கொடுத்த தாள்களை வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்கினாள். 'சாப்பிடாத வேளைக்கு இந்த மாத்திரை வேண்டாம். விரதம் இருப்பதானால் முன்பே டாக்டரிடம் கேளுங்கள்' என்று புதிதாகச் சேர்த்து எழுதி, லோகநாயகியிடம் எடுத்துப் போனாள்.

"என்ன மன்னிச்சுடுக்கா."

"அட உடு. நீ இன்னா வேணும்னா பண்ணே?" என்று சொல்லி உட்கார வைத்தாள் லோகநாயகி.

அருள்செல்வி வாசித்தாள். லோகநாயகி எதையும் மடக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் கவனித்துக் கேட்கிறாளா என்று பார்க்க நினைத்தாள் அருள்செல்வி. புது வரிகள் வந்த இடத்தில் வேண்டுமென்றே அவற்றை விட்டுவிட்டு வாசித்து முடித்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லாத்தான் கீது, அருளு. அச்சுக்கு அனுப்பு."

கோபத்தில் சொல்லவில்லை. கோபமிருந்தால் திட்டியிருப்பாளே. இப்போதெல்லாம் மாத்திரையை டாக்டரிடம் கேட்டுக் கஜபதிதான் எடுத்துக் கொடுக்கிறார். அருள்செல்வியின் தாளோடு சண்டை போட அவளுக்கு இனி ஒன்றுமில்லை.

நாளைக்கு வேறு யாரிடமாவது வாசித்தாக வேண்டும். இந்த ஊரில் தனக்கு வேறு யாரைத் தெரியும் என்று யோசித்துக்கொண்டே, அருள்செல்வி தன் போர்ஷன் பூட்டைத் திறந்தாள்.