ஆற்றுவாய் வெட்டிய நாளில் பாதை

எங்கள் துறையில் பாதை என்றால் தெரு அல்ல. இரண்டு வள்ளங்களை அணைத்துக் கட்டி, மேலே பலகை அடித்தது. ஆளும் மாடும் வண்டிலும் அதில்தான் மேற்கே படுவான்கரையிலிருந்து கிழக்கே எழுவான்கரைக்குப் போக வேண்டும். பதினொரு வருடம் நான் அதைத் தள்ளினேன். கோடையில் கம்பு ஊன்றுவோம். மாரியில் கம்புக்குத் தரை எட்டாது. கரைக்குக் கரை கட்டிய கயிற்றைப் பிடித்து இழுப்போம். ஏறினவர்களும் இழுப்பார்கள். அது வழமை. வண்டில்காரர் மட்டும் தொடமாட்டார்கள்.

ஒரு மார்கழியில் என் தங்கச்சிக்கு வலி கண்டு ஒரு பகலும் ஓர் இரவும் போய்விட்டது. தலைப்பிள்ளை. காலையில் மருத்துவிச்சி வெளியே வந்து, "என்ட கையால ஏலா. ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்க" என்றாள்.

தங்கச்சியின் புருசன் வீட்டில் இல்லை. வயல்வட்டை முழுக்க வெள்ளம். நெல் அழுகக் கிடந்தது. ஆற்றுவாயை மூடிய மணலை வெட்டி, தண்ணீரைக் கடலுக்கு விட ஊராட்கள் போனார்கள். "நீ இஞ்ச நிண்டு என்ன செய்யப் போறாய்?" என்று அவனையும் அனுப்பியது நான்தான்.

அவளை வண்டிலில் கிடத்தி, வண்டிலோடு பாதையில் ஏற்றினோம். வண்டில்காரர், நாங்கள் காக்கா என்று கூப்பிடும் காத்தான்குடிப் புடவை வியாபாரி ஒருவர், இன்னும் நாலு பேர். நடு ஆற்றில் கயிறு விறைத்தது. பாதை கடல் பக்கம் இழுபட்டது. வாயை வெட்டிவிட்டார்கள் என்று விளங்கிற்று. வெட்டுகிறவர்களுக்கு வயல்தான் நினைப்பு. துறைக்கு ஓர் ஆள் அனுப்பிச் சொன்னது கிடையாது. நாங்களும் கேட்டது கிடையாது.

எதிர்க்கரையில் கயிறு கட்டிய கட்டை சரியத் தொடங்கியது.

"பாரம் குறையட்டும். மாட்ட அவிட்டு ஆத்துக்க விடுங்க அண்ண" என்று வண்டில்காரரிடம் சொன்னேன்.

"என்ட மாடு செத்தா வண்டில நீ இழுப்பியா?"

"மாடு நீந்தும். உள்ளுக்க கிடக்கிறவள் நீந்துவாளா?"

வியாபாரி எழும்பினார். தன் புடவை மூட்டையைக் காலால் தள்ளி ஆற்றில் விட்டார்.

"காக்கா, என்ன இது?" என்றார் வண்டில்காரர்.

"மீன் உடுத்திப் பாக்கட்டும். நீ மாட்ட அவிழு."

அவர் அவிழ்த்தார். பிறகு வந்து கயிற்றைப் பிடித்தார்.

நான் கரையைப் பார்த்துக் கத்தினேன். அங்கே பாதைக்குக் காத்து நின்ற சனம் ஓடிவந்து கயிற்றைப் பிடித்தது. பெண்களும் சேலையைச் சொருகிக்கொண்டு பிடித்தார்கள். கட்டை பிடுங்குப்பட்டது. கயிறு அவர்கள் கையில் நின்றது.

"அண்ண, கரை வந்திட்டா?" என்று வண்டிலுக்குள்ளிருந்து தங்கச்சி கேட்டாள்.

"வருகுது புள்ள."

மறுபடி கேட்டாள். அதையே சொன்னேன். பிறகு அவள் கேட்கவில்லை. நாங்கள் இழுத்தோம். கையில் தோல் இல்லை.

கரை சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. மாடுகள் எங்கோ கீழே கரையேறியிருந்தன. தேடிப் போக நேரமில்லை. சனமே வண்டிலை இழுத்துக்கொண்டு ஆசுபத்திரிக்கு ஓடியது.

தங்கச்சி பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. ஆண் பிள்ளை. ஒரு மணித்தியாலம் முந்தி வந்திருந்தால் என்று தாதி ஏதோ சொல்லத் தொடங்கினாள். நான் வெளியே வந்துவிட்டேன்.

பின்னேரம் தங்கச்சியின் புருசன் வந்தான். முழங்கால் வரை மணல்.

"வட்டை தப்பிட்டு மச்சான். தண்ணி வடியுது" என்றான். முகம் நிறையச் சிரிப்பு. பிறகு என் கையைப் பார்த்தான்.

பாதை நடு ஆற்றில் இழுபட்டதையும் பிள்ளை போனதையும் சொன்னேன். தாதி சொன்னதைச் சொல்லவில்லை. எந்நேரம் வெட்டினாய் என்றும் கேட்கவில்லை. அவனாகவே கணக்குப் பார்த்திருப்பான். சுவரோடு குந்தினான்.

அடுத்த மாரிக்கு முன் இரண்டு கரைச் சனமும் கூடியது. வீட்டுக்கு ஒரு பாகம், இரண்டு கையும் விரித்த நீளம், கயிறு திரித்துத் தருவதென்று பேசினார்கள். கட்டைக்குப் பாலை மரம் தருவதாக வண்டில்காரர் சொன்னார். கடைசியில் தங்கச்சியின் புருசன் எழும்பினான்.

"துறைக்கு ஆள் போய், பாதை கரையில நிக்குது எண்டு வந்து சொல்லாம ஒருத்தனும் ஆத்துவாய் மண்ணில கை வைக்கக்கூடா."

துறைக்குப் போகிற ஆளை அங்கேயே குறித்தார்கள்.