என் போன் நம்பரில் போன விண்ணப்பம்

விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் தொழிலில் இருப்பவனுக்கு ஊரில் எல்லோருடைய பிறந்த தேதியும் தெரியும். முகம்தான் பாதிப் பேருக்கு நினைவில் நிற்காது. மல்லசமுத்திரத்தில் பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரே, இரண்டு கம்ப்யூட்டரும் ஒரு ஜெராக்ஸ் மிஷினும் வைத்துக்கொண்டு பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். எட்டாவதோடு தறிக்குப் போனவன் நான். டைப் அடிப்பதும் கம்ப்யூட்டரும் நானாகத் தட்டித் தடவிக் கற்றுக்கொண்டவை. எந்தக் கல்லூரியிலும் படித்ததில்லை. ஆனால் எந்தக் கல்லூரிக்கு எந்தச் சான்றிதழ் வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

நீங்களும் இப்படி ஒரு கடையில் மேஜைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ உட்கார்ந்தவராகத்தான் இருப்பீர்கள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருப்பதைப் பார்த்தபடி, பின்னால் நிற்பவரின் மூச்சைக் கழுத்தில் வாங்கியிருப்பீர்கள். அந்தத் தைரியத்தில்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். சிரிக்க ஒன்றிரண்டு இருக்கிறது. மீதி, எனக்கே சொல்லக் கூச்சமானது.

நண்பனுக்காக வந்தவன்

மே மாதக் கூட்டத்தில் ஒரு தனி ரகம் உண்டு. ஏற்கெனவே ஒரு கல்லூரியில் சேர்ந்து படித்துக்கொண்டே, வேறொரு படிப்புக்கு மறுபடி விண்ணப்பிக்க வருகிறவர்கள். இவர்கள் முதலில் வந்தாலும் கடைசியில்தான் பேசுவார்கள். அந்த வருஷம் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் எல்லாம் போகும்வரை சுவரில் தொங்கும் காலண்டரைப் படித்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு கல்லூரியில் இருந்துகொண்டு இன்னொன்றைக் கேட்பது என்னவோ திருட்டு மாதிரி அவர்களுக்கு ஒரு நினைப்பு.

ஒருவன் ஆத்தூரிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தான். சேலத்தில் பி.காம் முதல் வருஷம். சட்டம் படிக்க விண்ணப்பம் போட வேண்டும், ஆனால் தனக்கில்லை, நண்பனுக்கு என்றான். ஆத்தூரில் இல்லாத கடையா என்று கேட்டதற்கு, அங்கே எல்லாம் தெரிந்தவர்கள் என்றான். நண்பனின் மதிப்பெண், ஆதார் எண், அப்பாவின் தொழில் எல்லாவற்றையும் பார்க்காமல் ஒப்பித்தான். புகைப்படம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். படத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"பிரெண்டும் நானும் பாக்க ஒரே மாதிரி இருப்போம் சார்."

ஆம் அல்லது இல்லை

சில விண்ணப்பங்களில் ஒரு கேள்வி வரும்: தற்போது வேறு ஏதேனும் படிப்பில் பயின்று வருகிறீர்களா? மேற்சொன்ன ரகத்து ஆட்கள் எல்லோரும் இந்த இடத்தில் எச்சில் விழுங்குவார்கள். நான் கேட்காமலே 'இல்லை' என்று அழுத்திவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவேன். சீக்கிரம் முடியும் என்பதைத் தவிர அதற்கு வேறு நியாயம் கிடையாது.

நிவேதா என்ற பெண் வந்தபோதும் அப்படித்தான் அழுத்தப் போனேன். பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் முதல் வருஷம் முடிக்கப் போகிறவள். அவளுக்கு வேண்டியிருந்தது கால்நடை மருத்துவம். முந்தின வருஷம் கொஞ்சத்தில் இடம் தவறியிருந்தது. எதற்கு அம்மணி இந்த வம்பு, கையில் இருப்பதைப் படித்து முடிக்கலாமே என்று பேச்சுக்குக் கேட்டேன். வீட்டில் ஆடு வைத்திருக்கிறார்களாம். ஒன்று திடீரென்று செத்துப்போனபோது, எதனால் செத்தது என்று தெரிந்துகொள்ள இவளே கத்தி எடுத்து வயிற்றைத் திறந்து பார்த்தாளாம். உள்ளே சுருட்டிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் பை இருந்ததாம். அப்பா வடக்கே ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போடுகிறவர், அவருக்கு இந்த விண்ணப்பம் தெரியாது, இடம் கிடைத்தபின் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். அவ்வளவு மறைத்தவள், என் விரல் 'இல்லை'க்குப் போவதைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"ஆமான்னே போடுங்கய்யா, படிச்சுட்டுத்தானுங்களே இருக்கறேன்."

பாதியில் நின்ற நோட்டு

விண்ணப்பம் அடுத்துக் கைபேசி எண் கேட்டது. அவள் விடுதியில் வார நாட்களில் போனை வார்டனிடம் கொடுத்துவிட வேண்டும். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால் தம்பி பிடுங்கிக்கொள்வான். அப்பா நம்பரைப் போட்டால் ஓடிபி நேராக ரிக் வண்டிக்குப் போகும். என்ன செய்வது என்று விழித்தாள். என் நம்பரைப் போட்டுவிடலாம் என்று நான்தான் சொன்னேன். அவள் கேட்கவில்லை. பல பேருக்கு அப்படித்தான் போடுவேன். ஓடிபி உடனே கைக்கு வரும், வேலை ஓடும். இந்தத் தொழிலில் உள்ளவர்களுக்கு இந்தப் பழக்கம் தெரியும். தெரிந்தவர்கள் இப்போது தலை குனிந்திருப்பார்கள்.

என் மனைவி இருந்த காலத்தில் அதற்கு ஒரு ஒழுங்கு இருந்தது. ஒரு நீள நோட்டில் விண்ணப்ப எண், பெயர், ஊர், வீட்டு போன் நம்பர் எல்லாவற்றையும் எழுதி, பக்கத்தில் ஆளை நினைவு வைக்க ஏதாவது குறிப்பாள். 'வெண்ணந்தூர், அப்பா தறி, புள்ள திக்கித் திக்கிப் பேசும்' என்பது போல. தினமும் காலையில் என் போனில் வந்த செய்திகளை ஒவ்வொன்றாகப் படித்து, எண்ணைத் தேடி, அந்தப் பிள்ளைகளுக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் டீ குடிப்பாள். நிவேதா வருவதற்கு மூன்று வருஷம் முன்பே அவள் போய்விட்டாள். நோட்டு பாதிப் பக்கத்தில் நின்றது. அதற்குக் கீழே எழுத எனக்குக் கை வரவில்லை என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மையில் சோம்பல். எல்லாம் மனதில் இருக்கும் என்று திமிராகச் சொல்லிக்கொண்டேன். அவள் இருந்தபோதே அப்படிச் சொல்லி ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

"உங்க மனசுல நம்ம கல்யாணத் தேதியே இல்லீங்க, இவிங்க நம்பரெல்லாம் எங்க இருக்கப் போகுது."

ரிக் வண்டிக்காரர்

மழை பிடித்தால் ரிக் வண்டிகள் ஊர் திரும்பும். நிவேதாவின் அப்பாவும் வந்தார். வண்டி இன்சூரன்ஸ் தாளை ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். பாறையைத் துளைத்துத் துளைத்து அவருக்கு ஒரு காது மந்தம். அதனால் எல்லாவற்றையும் கொஞ்சம் சத்தமாகவே சொல்வார். தான் பட்ட தூசியும் சத்தமும் மகளுக்கு வேண்டாம், அவள் குளிர்ச்சியான அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும் என்றார். பேருந்துக்கு நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் மகளின் விண்ணப்ப நகல் அப்போது என் மேஜை இழுப்பறையில் இருந்தது. சொல்லவும் கூடாது, சொல்லாமல் தலையாட்டவும் கஷ்டமாக இருந்தது. உங்க பொண்ணுக்கு அதுதான் இஷ்டமா என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். இரண்டாம் முறை சத்தமாகக் கேட்டேன். அவர் சிரித்தார்.

"அது ஒருக்கா முடிவு பண்ணிருச்சுன்னா மாத்தவே மாத்தாதுங்க."

ஒன்றும் வரவில்லை

கலந்தாய்வுக்கு அழைப்பு வரும் நாட்கள் ஆரம்பித்தன. சனிக்கிழமை விடுதியிலிருந்து வரும் நிவேதா, பஸ்ஸை விட்டு இறங்கியதும் பையோடு நேராகக் கடைக்கு வருவாள். முதல் சனிக்கிழமை போனை எடுத்து மேலிருந்து கீழே தேடிப் பார்த்து, வரவில்லை என்றேன். அடுத்த சனிக்கிழமையும் பார்த்துத்தான் சொன்னேன். மூன்றாம் சனிக்கிழமை கடையில் கூட்டம். ரேஷன் கார்டில் பெயர் நீக்க வந்தவர் ஒருவர் என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அவள் வாசலில் நின்று கேட்டாள். நான் தலையைத் திருப்பவில்லை. போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. ஒண்ணும் வல்லீங் சாமி, வந்தா நானே சொல்ல மாட்டனா என்றேன்.

வந்திருந்தது. வியாழக்கிழமையே வந்திருந்தது. திங்கள்கிழமை காலை சான்றிதழ்களோடு நேரில் வரச் சொல்லி. அதில் பெயர் இல்லை, விண்ணப்ப எண் மட்டும்தான். புதன்கிழமை போனில் இடம் நிறைந்துவிட்டதென்று பழைய செய்திகளை அழித்துக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது. இழுப்பறையைத் திறந்து எண்ணை ஒத்துப் பார்த்தேன். மூன்று தடவை பார்த்தேன். உதவி எண்ணுக்குக் கூப்பிட்டேன். தேதி முடிந்தால் முடிந்ததுதான் என்று மரியாதையாகச் சொன்னார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் வந்தாள். கடையில் அன்று யாருமே இல்லை. சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. இந்த வருஷம் வராது போல இருக்குது அம்மணி என்றேன். அறுபது வயதில், ஒரு பெண் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொன்ன பொய் அது. அவள் பையைத் தோளில் மாற்றிக்கொண்டு, என் முகம் வாடியிருப்பதைப் பார்த்து எனக்கே ஆறுதல் சொன்னாள்.

"கட் ஆப் ஏறியிருக்குமுங்க, அதுக்கு நீங்க என்னுங்கய்யா பண்ணுவீங்க."

எதற்கு இந்தக் கடை

அதற்குப் பிறகு என் நம்பரை யாருக்கும் போடுவதில்லை என்று முடிவு செய்தேன். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவளிடமே சொல்லவில்லையே. நல்ல பழக்கத்துக்கு மாறியவன் போல, அவரவர் நம்பரை அவரவர் போடுவதுதான் பாதுகாப்பு என்று ஒரு தாளில் அச்சடித்து ஒட்டினேன். அதைப் படித்து இரண்டு பேர் என்னைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் காது சுடும்.

ஒரு அம்மா மகனோடு வந்தார். அவன் சேர்ந்த இரண்டு கல்லூரியும் பிடிக்கவில்லை என்று மூன்றாவதற்கு விண்ணப்பம். அந்த அம்மாவுக்குப் போன் இல்லை, மகன் போன் ரிப்பேரில் இருந்தது. என் நம்பர் தரமாட்டேன் என்றதும் அந்த அம்மா தாளை ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்த்தார்.

"ஏனுங்க, பத்து எண்ணு குடுக்கறதுக்கே இப்படிக் கணக்குப் பாத்தா அப்பறம் எதுக்குங்க இந்தக் கடை?"

வெயிலில் நின்ற வண்டி

அடுத்த மே மாதம் நிவேதா மறுபடி வந்தாள். இரண்டாம் வருஷம் முடியப் போகிறது. அதே படிப்புக்கு இன்னொரு முறை. இந்தத் தடவை அப்பாவிடம் சொல்லிவிட்டாளாம். ரிக் வண்டி அந்த வருஷம் சீக்கிரமே ஊர் திரும்பியிருந்தது. இரண்டு நாள் அவர் வீட்டில் யாரோடும் பேசவில்லையாம். மூன்றாம் நாள் டூவீலரை எடுத்து வாசலில் நிறுத்தி, ஏறு என்று மட்டும் சொன்னாராம். எதிரே ரோட்டோரம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். கடைக்குள் வரவில்லை.

அந்த ஒரு வருஷத்தில் அவள் மாதம் ஒரு முறையாவது கடைக்கு வந்திருக்கிறாள். ஒரே ஒரு தாள் ஜெராக்ஸ் எடுப்பாள். அவசரமில்லாமல் நிற்பாள். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுப்பேன். தாள் வெளியே வந்துவிடும், அவளும் போய்விடுவாள். அன்று அவள் பெயரை டைப் அடித்த பிறகு கை மேலே போகவில்லை. நாற்காலியைத் திருப்பி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். வியாழக்கிழமை வந்த செய்தி, சனிக்கிழமை பார்க்காமல் சொன்ன பதில், புதன்கிழமை கண்டுபிடித்தது, அதற்கடுத்த சனிக்கிழமை தெரிந்தே சொன்ன பொய். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சாதாரணமாகச் சொன்னாள், அவளுக்குத் தெரியுமாம். ஒரு மாதத்திலேயே கல்லூரி லேபில் விண்ணப்ப எண்ணைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். அழைக்கப்பட்டார், வரவில்லை என்று இருந்ததாம்.

தெரிந்தும் ஏன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று கேட்டேன். அவள் வெளியே அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்களாச் சொல்லுவீங்கன்னுதானுங்க மாசாமாசம் வந்தேன், ஜெராக்ஸு எங்க காலேஜுக்குள்ளயே எடுத்துக்கலாமுங்க. அப்பாகிட்ட இதச் சொல்லலீங்க, சொல்லியிருந்தா இந்தக் கடைக்குக் கூட்டியாந்திருக்க மாட்டாரு. டைப் அடீங்கய்யா, அவரு வெயில்ல உக்காந்திருக்காரு."

ஊரில் எல்லோருடைய விண்ணப்பத்தையும் கடைசித் தேதிக்கு முன்னால் அனுப்பிப் பெயர் வாங்கியவன், சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் ஒரு வருஷம் தாமதமாகச் சொன்னேன். அவள் இப்போது ஆட்டுக்கும் மாட்டுக்கும் வைத்தியம் படிக்கிறாள், நான் அதே நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்களின் பிழைகளைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.