தாம்பூலப் பையில் போன பாட்டு

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது. கீழே செல்போன் கடை, மேலே லாட்ஜ், உச்சியில் பச்சை விளக்கில் 'முனி' என்ற பெயர். அதைக் கட்டியவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர் என்று சொன்னால் புதிதாக வருகிறவர்கள் நம்ப மாட்டார்கள். நம்பாதவர்களை முனிகிருஷ்ணன் லேசில் விடவும் மாட்டார். உட்கார வைத்து, டீ வரவழைத்து, சத்தியவேட்டுக்குப் பக்கத்து ஊரிலிருந்து மாற்று வேட்டி இல்லாமல் பஸ் ஏறிய நாளிலிருந்து ஆரம்பிப்பார். எவனோ ஒருவன் கடையில் கேசட்டுக்கு அட்டை மடித்தது, அந்தக் கடையையே பிறகு வாங்கியது, மலைக்கு வருகிற ஜனம் கீழே இறங்கும்போது இவர் கேசட் இல்லாமல் ஊர் திரும்பாத காலம் என்று எல்லாம் வரிசையாக வரும். பொய் இருக்காது. சத்தம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், அவ்வளவுதான்.

பெங்களூரிலிருந்து நந்திதா என்ற பெண் வந்தபோதும் அப்படித்தான் ஆரம்பித்தார். கறுப்பு டீ ஷர்ட் போட்டிருந்தாள். அதில் முள்வேலியைப் பிய்த்துப் போட்ட மாதிரி எழுத்து. கடை வாங்கிய கட்டம் வந்ததும் அவள் மெதுவாகச் செல்போனை நீட்டினாள். திரையில் ஒரு பழைய கேசட் அட்டை. மங்கலாக ஒரு கல்குவாரியின் படம். 'கல்குவாரி - ரெண்டாவது வெடி' என்று மேலே. கீழே பொடி எழுத்தில் 'பதிவு: முனி ரெக்கார்டிங், திருப்பதி'.

கொஞ்சமாக வந்து, யார் கண்ணிலும் படாமல் காணாமல் போன மெட்டல், ராப் ஆல்பங்களைத் தேடிப் பிடித்து, சுத்தம் செய்து, மறுபடி வெளியிடுவதுதான் அவள் வேலையாம். இந்த ஒன்றை மட்டும் கேட்டவர் ஒருவரையும் அவளால் பிடிக்க முடியவில்லை. சென்னையில் யாரோ ஜெராக்ஸ் எடுத்து விற்ற பழைய இசைப் பத்திரிகையில் அரைப் பக்கம் புகழ்ந்திருந்தார்கள். மிச்சம் இருந்தது அதுவும் இந்த அட்டைப் படமும்தான்.

"தமிழும் தெலுங்கும் கலந்து ராப், அடியில மெட்டல் கித்தார். அந்த வருஷத்துல இந்தப் பக்கம் யாருமே இப்படிப் பண்ணல, அங்கிள். ஜப்பான்ல ஒருத்தர் இதைத் தேடிட்டே இருக்கார்."

ஜப்பான் என்றதும் முனிகிருஷ்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது என் மச்சான் பண்ணதும்மா. எந்தக் கம்பெனியும் தொடல. நாந்தான் போட்டுக் குடுத்தேன்."

"ஒரு காப்பி இருக்கா?"

முனிகிருஷ்ணன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்.

சம்பத் அவர் மனைவி சந்திரம்மாவின் தம்பி. அவர்கள் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவார்கள், சத்தியவேட்டுப் பக்கம் குவாரியில் கல் உடைத்தவர். தூசி நெஞ்சில் இறங்கி, இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு சம்பத்தைத் திருப்பதிக்குக் கூட்டிவந்து, கடை மாடியில் படுக்க இடம் கொடுத்து, காலேஜில் சேர்த்தது முனிகிருஷ்ணன்தான். இதை அவர் சொல்லாத ஆள் கிடையாது. பையன் படித்தான். கூடவே தரணி என்ற கித்தார்க்காரனையும் டிரம் அடிக்கிற இன்னொருவனையும் சேர்த்துக்கொண்டு, கச்சேரிக்காரர்கள் ஒத்திகை பார்க்கிற அறையில் ஒரு முழுக் கேசட்டுக்குப் பாடியும் வைத்தான். எல்லாம் குவாரியைப் பற்றி. கேட்டவர்கள் சிரித்தார்கள். கம்பெனிகள் கதவைச் சாத்தின. கடைசியில் மாமாவிடம் வந்து நின்றான்.

முனிகிருஷ்ணன் மறுக்கவில்லை. காப்பி எடுக்கிற மெஷின் அவரிடம் இருந்தது. ஒரு கேசட்டைப் போட்டால் பக்கத்தில் இருக்கிற வெற்றுக் கேசட்டுகளில் அதி வேகத்தில் பதிந்து தள்ளும். அந்த வேகத்தில் எந்தப் பாட்டும் அணில் கத்துகிற மாதிரிதான் கேட்கும். மச்சானின் ராப்பை அவர் கேட்டது அப்படித்தான். அதன் சொந்த வேகத்தில் ஒரு தடவைகூடப் போட்டுக் கேட்டதில்லை. கேட்க நேரம் எங்கே இருந்தது?

சம்பத் கடைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கேசட்டின் மேல் விளிம்பிலும் இருக்கிற சின்னப் பிளாஸ்டிக் துண்டை ஸ்குரூ டிரைவரால் நெம்பி உடைத்தான். அதை உடைத்துவிட்டால் அந்தக் கேசட்டின் மேல் இன்னொரு பாட்டைப் பதிய முடியாது. பிறகு அக்காவின் நெயில் பாலிஷை வாங்கி எல்லாவற்றிலும் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தான்.

ஒரு கடையும் வாங்கவில்லை. தெரிந்தவர்களுக்கு நாலைந்து கொடுத்ததோடு சரி, அவை போன இடமும் பிறகு தெரியவில்லை. மீதியையும், அசல் பதிவையும் அட்டைப் பெட்டிகளில் கட்டிக் கடைப் பரணில் ஏற்றினான். "ஐதராபாத்ல ஒருத்தர் கேக்கறேன்னு சொல்லிகீறாரு மாமா. அதுவரிக்கும் பத்திரமா கெடக்கட்டும்" என்றான்.

அந்த வருஷம்தான் முனிகிருஷ்ணன் முதல் வீடு கட்டினார். கிரகப்பிரவேசத்துக்கு வருகிற அத்தனை பேர் தாம்பூலப் பையிலும் தேங்காய், வெற்றிலையோடு ஒரு பக்திக் கேசட் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஊரில் எவனும் செய்யாத காரியம். பஜனைக் கோஷ்டியைக் கூப்பிட்டுப் பாட வைத்தார். ஆரம்பத்தில் தன் குரலிலேயே, தான் யார், எங்கிருந்து வந்தவன், எப்படி வந்தவன் என்று பேசிப் பதிந்தார். மஞ்சள் அட்டை அச்சாகி வந்துவிட்டது. சென்னையிலிருந்து வெற்றுக் கேசட் வரவில்லை. லாரி ஸ்டிரைக். முகூர்த்தம் தள்ளிப் போகிற விஷயமா? பரணைப் பார்த்தார்.

பிளாஸ்டிக் துண்டு உடைந்திருந்தால் என்ன, அந்த ஓட்டையின் மேல் செலோடேப் ஒட்டினால் மெஷின் ஏமாந்து பதிந்துவிடும். தொழில் தெரிந்தவருக்கு அது ஒரு வித்தையே இல்லை. அவரே உட்கார்ந்து ஒட்டினார். ஒவ்வொன்றாக. அசல் பதிவும் அதே பெட்டியில்தான் கிடந்தது. அதைப் பிரித்து எடுத்து வைக்க வேண்டுமென்று தோன்றவில்லை.

சம்பத் கிரகப்பிரவேசத்துக்கு வந்தான், பந்தியில் சாப்பிட்டான், போனான். அப்புறம் வரவேயில்லை. முனிகிருஷ்ணனின் மகள் கலைவாணிக்குக் காது குத்தியபோது தாய்மாமன் சீர் பஸ்ஸில் வந்தது, தாய்மாமன் வரவில்லை. வேறு யாரோ மடியில் குழந்தையை உட்கார வைத்தார்கள். ஸ்ரீசிட்டி ஃபேக்டரியில் ஷிப்டு, லீவு தரமாட்டேன் என்கிறார்கள் என்று சொல்லி அனுப்பினான். அவள் கல்யாணத்துக்கும் அதே ஷிப்டு. பெட்டிகளைப் பற்றி அவனும் கேட்கவில்லை, இவரும் பேசவில்லை. வீட்டைப் பார்த்து வயிற்றெரிச்சல், வேறென்ன என்று முனிகிருஷ்ணன் முடிவு கட்டிவிட்டார். அப்படியே இத்தனை வருஷமும் எல்லோரிடமும் சொல்லியும் வந்தார்.

நந்திதா வந்துபோன சாயங்காலம், ஜப்பான்காரன் மச்சான் பாட்டைத் தேடுகிறான் என்று ஒரு வேடிக்கை மாதிரி மனைவியிடம் சொன்னார். சந்திரம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தாம்பூலப் பைய அவன் கையில குடுத்தது நாந்தான்யா" என்றாள்.

"குடுத்தா இன்னா?"

"செவப்பு பொட்டு என் நெயில் பாலிஷ். எனக்கே அப்ப தெரிஞ்சிது. அவனுக்குத் தெரியாத பூடுமா?"

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே, அவன்."

"உன்னியா?" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி அவரைக்காயை எடுத்தாள்.

மறுநாள் நந்திதாவிடம் நடந்ததைச் சொன்னார். சுருக்கமாகச் சொன்னார், அவர் வாயில் சுருக்கமாக வந்த முதல் கதை அதுவாகத்தான் இருக்கும். மேலே பதிந்தது பதிந்ததுதான், அடியில் இருந்தது திரும்பாது என்பது அவளைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவள் எழுந்து போகவில்லை. பஜனை எவ்வளவு நேரம், கேசட் எவ்வளவு நேரம் என்று கேட்டாள். முனிகிருஷ்ணனுக்குப் புரிந்துவிட்டது. இரண்டாம் பக்கத்தில் பஜனை சீக்கிரமே முடியும். பாட்டு முடிந்த அந்த நிமிஷமே மெஷினை நிறுத்தி அடுத்ததைப் போட்டுவிடுவது அவர் வழக்கம். வெறும் கேசட்டை ஓட விட்டு நேரத்தை வீணாக்குகிறவன் தொழிலில் நிற்க மாட்டான் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறார். அப்படியானால் கடைசித் துண்டில் சம்பத் இன்னும் இருப்பான்.

சொந்தக்காரர்களைத் தேடி அலைந்தார்கள். சந்திரம்மாவும் காரில் ஏறிக்கொண்டாள். புத்தூரில் எல்லோரும் எப்போதோ தூக்கிப் போட்டிருந்தார்கள். ஒரு வீட்டில், கேசட் நாடாவை உருவி நிலக்கடலைக் கொல்லையில் குருவி விரட்டக் கட்டினோம், காற்றில் நன்றாகக் கூவும் என்றார்கள். கடைசியாக நகரிக்குப் பக்கத்தில், பங்காளி வெங்கடசாமியின் டிராக்டர் கொட்டகையில், கிரீஸ் டப்பாவுக்கு அடியில் மஞ்சள் அட்டை ஒன்று கிடைத்தது.

"உன் கேசட்டா? நாங்க அத முழுசா கேக்கறதே இல்ல முனி" என்று வெங்கடசாமி சிரித்தார். "கோவிந்தா போட்டு முடிச்சதும் எவனோ கத்துவான். எங்க வூட்டாளு பேய் பூந்துகிச்சுன்னு கற்பூரம் ஏத்திட்டா. டிராக்டர்ல போட்டா அந்த எடம் வர்றதுக்குள்ள ஆஃப் பண்ணிருவேன்."

கொட்டகையிலேயே நந்திதா தன் சின்ன பிளேயரில் போட்டாள். முதல் பக்கம் தொடங்கியதும் முனிகிருஷ்ணனின் இளமைக் குரல், தன் பெயரையும் தன் பெருமையையும் சொல்லிக்கொண்டே போனது. அதை நிறுத்திவிட்டு அவரே கேசட்டைத் திருப்பிப் போட்டார். ஆர்மோனியம், ஜால்ரா, கோவிந்தா. பிறகு ஒரு 'டக்'. அடுத்த நொடி கித்தார் வந்து விழுந்தது. பாறை சரிகிற மாதிரி ஒரு சத்தம், அது மெல்ல அடங்க, மேலே சம்பத்தின் குரல். மீசை முளைத்த புதுசில் இருக்கிற குரல். அது பாட்டு இல்லை. பாட்டெல்லாம் முடிந்த பிறகு ராப் பாடுகிறவர்கள் தங்களுக்கு உதவினவர்கள் பெயரைச் சொல்லி நன்றி சொல்வது வழக்கமாம். நந்திதா பிற்பாடு சொன்னாள்.

தரணி பெயர் வந்தது. டிரம் அடித்தவன் பெயர் வந்தது. சோறு போட்ட அக்கா பெயர் வந்தது. கடைசியில்: "எங்க மாமா முனிகிருஷ்ணன். அஞ்சாங் கிளாஸு. திருப்பதில அவரு மாதிரி ஆளு கெடையாது. இந்தப் பாட்டக் கேட்டு எல்லாரும் சிரிச்சாங்கோ. எங்க மாமா மட்டும் சிரிக்கல."

நாடா தீர்ந்து பிளேயர் தானாக நின்றது. சிரிக்காததற்குக் காரணம் முனிகிருஷ்ணனுக்குத் தெரியும். கேட்டிருந்தால்தானே சிரிப்பதற்கு?

ஞாயிற்றுக்கிழமை சத்தியவேட்டுக்குப் போனார்கள். சம்பத் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். தலை பாதி நரைத்திருந்தது. அக்காவைப் பார்த்துச் சிரித்தான், மாமாவுக்கு நாற்காலி போட்டான், நந்திதா சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டான். முனிகிருஷ்ணன் மஞ்சள் கேசட்டை எடுத்து நீட்டினார். சம்பத் அதை வாங்காமல் உள்ளே போய், ஒரு பழைய தாம்பூலப் பையோடு திரும்பினான். பையின் மேல் முனிகிருஷ்ணனின் பெயரும் கிரகப்பிரவேசத் தேதியும் மங்கியிருந்தன. உள்ளே இதேபோல் ஒன்று.

"எங்கிட்டயும் ஒண்ணு கீது மாமா. நீங்க குடுத்ததுதான்."

மன்னிப்பு என்ற சொல் முனிகிருஷ்ணனுக்குப் பழக்கமில்லை. அவருக்குத் தெரிந்த வழியில் பேசினார். சென்னையில் நல்ல ஸ்டுடியோ பிடிக்கலாம், தரணியை எங்கிருந்தாலும் கூப்பிடலாம், செலவெல்லாம் தன்னுடையது, முதலில் செய்ததைவிடப் பெரிதாகவே செய்துவிடலாம் என்று அடுக்கினார். அவர் முடித்த பிறகு சம்பத் சொன்னான்.

"வரியெல்லாம் மறந்து பூடுச்சி மாமா. வரி போனா போவுது, எழுதிக்கலாம். நாலாவது பாட்டுல நைனா இருமுற சத்தம் வெச்சிருந்தேன். அவரு படுத்த படுக்கையா இருந்தப்ப டேப்ல புடிச்சது. டிரம்முக்குப் பதிலா அந்த இருமல்தான் தாளம். பழைய டேப்பு அறுந்து பூடுச்சி. இருந்தது இதுல மட்டுந்தான்."

சந்திரம்மா அந்தப் பாட்டைக் கேட்டதே இல்லை. நைனாவின் போட்டோ ஒன்றுகூட அவர்களிடம் கிடையாது. அவள் எழுந்து உள்ளே போனாள். சமையல்கட்டில் தண்ணீர் விடுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

முனிகிருஷ்ணன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். செலோடேப்பைக் கத்தரித்து, ஓட்டையின் மேல் வைத்து, கட்டை விரலால் அழுத்தித் தேய்த்த கைகள். எவ்வளவு வேகமாகக் கேசட்டெல்லாம் தயாராயின என்று அன்றைக்கு சந்திரம்மாவிடமே பெருமையடித்தது ஞாபகம் வந்தது.

சம்பத் தன் கேசட்டைக் கையில் எடுத்தான். மேல் விளிம்பில் பழுத்து மஞ்சளாகிக் கிடந்த செலோடேப்பை நகத்தால் சுரண்டினான். வெங்காயச் சருகு மாதிரி அது உதிர்ந்தது. மறுபக்கத்தையும் சுரண்டி, ஓட்டை தெரிகிறதா என்று ஒரு தடவை விரலை வைத்துப் பார்த்துவிட்டு நந்திதாவிடம் கொடுத்தான். இருக்கிற துண்டை வெளியிடுவதானால் வெளியிட்டுக்கொள்ளட்டும், தனக்கு ஆட்சேபணை இல்லை என்றான். மாமா பேரை மட்டும் வெட்ட வேண்டாம் என்றான்.

உள்ளே சந்திரம்மா இலை போடுவது தெரிந்தது. "துன்னுட்டுப் போங்க" என்று பொதுவாகச் சொல்லி எழுந்த சம்பத், வாசற்படியில் திரும்பி நின்றான்.

"இப்பவாவது கேட்டீங்களா மாமா?"

"கேட்டேன்டா."

"எப்பிடி இருந்துச்சி?"

எதைக் கேட்டாலும் பதில் தயாராக வைத்திருக்கிற மனிதர் முனிகிருஷ்ணன். அவன் இதை அந்தக் காலத்திலேயே கேட்கக் காத்திருந்திருப்பான். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அன்றைக்கு ஒரு முழுக் கேசட் இருந்தது.

"கொஞ்சூண்டுதான்டா இருந்துது" என்றார்.